கேக்குத அம்மா

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. மெட்ராஸிலிருந்து வரும் தபால் உறைகளில் அந்தப் பெயருக்குப் பின்னால் பட்டங்கள் வரிசையாக நிற்கும். சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் அதை யாரும் சொன்னதில்லை. பால்வாடிப் பிள்ளைகள் வைத்த பெயர்தான் நிலைத்தது: கேக்குத அம்மா; கேட்டுக்கொண்டே இருக்கிற அம்மா. தபால்காரர்கூட வாசலில் சைக்கிளை நிறுத்திக்கொண்டு, "டீச்சர், கேக்குத அம்மாவுக்கு லெட்டர் வந்திருக்கு" என்றுதான் சொல்வார்.

நான் அப்போது அந்தப் பால்வாடியில் டீச்சர். எழுபதுகளின் கடைசி. கைத்தறிகள் போய்த் தெருவுக்குத் தெரு பவர்லூம் வந்துகொண்டிருந்தது. எங்களுடையது ஓட்டுக்கூரை போட்ட நீளமான ஒரே கூடம். பின்னால் சமையலுக்கு ஒரு சாய்ப்பு, அதற்கும் பின்னால் குப்பை வண்டி மட்டும் வந்து போகும் ஒரு சந்து. முப்பது பிள்ளைகள். உப்புமா கிண்டவும் பிள்ளைகளைக் கழுவிவிடவும் முத்துப்பேச்சி என்று ஓர் ஆயா. காலை ஏழு மணிக்குத் தறிகள் ஓட ஆரம்பித்துவிட்டால் கூடத்தின் சுவரில் கை வைக்க முடியாது. அதிர்வு முழங்கை வரை ஏறும்.

அந்தச் சத்தத்துக்காகத்தான் அவர் வந்தார். மனோதத்துவம் படித்தவர். தறி ஓடும் வீட்டிலேயே பிறந்து, தறிக்குப் பக்கத்தில் தொட்டிலில் கிடந்து வளரும் பிள்ளைக்குப் பேச்சு எப்படி வருகிறது, மற்றப் பிள்ளைகளுக்கு வருவது போலத்தானா என்பது அவருடைய ஆராய்ச்சி. ரெண்டு வருஷம் இருப்பேன் என்றார். ஸ்டேஷன் போகிற வழியில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டார். நாற்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, வெளிறிய வாயல் சேலை. கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டியிருப்பார். தினமும் ஒன்பது மணிக்கு வந்து, செருப்பை வெளியே விட்டு, கூடத்தின் ஒரு மூலையில் தரையில் உட்காருவார். மடியில் ஒரு நோட்டு. பக்கத்தில் டேப் ரெக்கார்டர். பிறகு ஒன்றும் செய்ய மாட்டார். அதுதான் அவருடைய வேலை.

வந்த முதல் வாரம். மாரி என்று ஒரு பையன், இரண்டரை வயது, தண்ணீர்ப் பானையருகே போய் நின்று விரலை நீட்டினான். நான் எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"அவனுக்குத் தண்ணி வேணும்மா" என்றேன்.

"தெரியுது டீச்சர். அவனுக்கு வார்த்தை வந்துக்கிட்டிருக்கு. நடுவுல போய் நிக்காதீங்க."

மாரி எங்களைப் பார்த்தான். பானையைப் பார்த்தான். உதடு பிதுங்கியது. கண்ணில் நீர் கட்டியது. முத்துப்பேச்சி சாய்ப்பிலிருந்து எட்டிப் பார்த்து, "இதென்ன கொடுமை" என்றாள். அவர் அசையவில்லை. பையனின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவும் இல்லை. நிமிஷங்கள் போயின. கடைசியில் அவன், "தண்ணி தா" என்றான். அதுவரை அவன் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் முதலில் எழுதிக்கொண்டார். பிறகு எழுந்து போய்த் தன் கையாலேயே தண்ணீர் மொண்டு கொடுத்தார். அவன் குடித்து முடிக்கும்வரை டம்ளரின் அடியைத் தாங்கிப் பிடித்திருந்தார்.

அவர் செய்தது சரியா என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

பெரியவர்களிடமும் அவர் அப்படித்தான். நாம் ஒன்று சொல்லி முடித்தால் உடனே பதில் வராது. நம் முகத்தையே பார்த்துக்கொண்டு இருப்பார். அந்த இடைவெளி தாங்காமல் நாம் மேலே ஏதாவது சொல்லிவிடுவோம். சொல்ல வேண்டாம் என்று வைத்திருந்ததைக்கூட. அந்த மாடி அறையின் சொந்தக்காரர் வாடகை விஷயம் பேசப் போனவர் தன் அண்ணனோடு இருந்த பதினைந்து வருஷப் பகையைச் சொல்லிவிட்டு வந்தார். நானும் ஒரு மத்தியானம், பிள்ளைகள் தூங்கும்போது, பம்பாய்க்குப் போன என் வீட்டுக்காரர் கடுதாசி போட்டு ஒன்பது மாசமாயிற்று என்பதைச் சொல்லிவிட்டேன். என் அம்மாவுக்கே தெரியாத விஷயம். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டார்; அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன்னால் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை என்பதும் உண்மை.

தெரு அவரைப் பார்த்துப் பயப்படத் தொடங்கியதற்கு நான்தான் காரணம். ஒரு பிள்ளை பொம்மை வைத்து விளையாடும்போது, "சித்தி பெட்டியில துணி வைக்கா, யாருக்கும் தெரியாது" என்று சொன்னது. நான் அதைச் சிரிப்பாகக் குழாயடியில் சொல்லிவிட்டேன். அந்தச் சித்தி ஒரு பையனோடு ஓடிப்போக இருந்திருக்கிறாள். அன்று சாயங்காலமே அவளை அறையில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். மறுநாள் பால்வாடிக்குப் பதினோரு பிள்ளைகள் வரவில்லை.

"அந்தப் பெட்டிக்குள்ள நம்ம வீட்டுப் பேச்செல்லாம் இருக்கு" என்று டேப் ரெக்கார்டரைப் பற்றித் தெரு பேசியது. "நம்ம பிள்ளையள வச்சே நம்மள வேவு பாக்கா."

அவர் என்னைத் திட்டவில்லை. கோவிலுக்குப் போய், அங்கே பிரசாதமாகக் கொடுக்கிற புற்றுமண் வாங்கிவந்தார். சாமி கும்பிடுகிற வழக்கம் இல்லாதவர். அதை நெற்றியில் இட்டுக்கொண்டு, அந்தப் பதினோரு வீட்டுக்கும் ஏறி இறங்கினார். நானும் பின்னாலேயே போனேன். ஒவ்வொரு வாசலிலும் அதே வார்த்தை: "கோமதியம்மன் மேல சத்தியம். பிள்ளை சொன்ன சொல் இனிமேல் பால்வாடி வாசல் தாண்டாது." பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். வழியில் என்னிடம் ஒன்று மட்டும் சொன்னார்: "நீங்க வெளியே சொன்னது ஒரு வாக்கியம் டீச்சர். அதுல ஒரு பொண்ணு உள்ள போயிட்டா."

கோமு வந்தது அதற்குப் பிறகு.

மூன்றரை வயது. சொந்தமாக நாலு தறி ஓடும் வீடு. அம்மா வடிவு, தார் சுற்றுகிறவள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற நூல்கண்டுகளை நாள் முழுதும் ராட்டையில் சுற்றிப் போடுவாள். தறிவீட்டுப் பிள்ளைகள் எல்லாம் கத்தித்தான் பேசும். இவள் பேசவே மாட்டாள். யார் பேசினாலும் அவர்கள் வாயையே பார்ப்பாள். அவளுடைய அப்பாவும் அந்தத் தெருவுக்குப் பொருந்தாத ஆள்தான். தறிக்காரர்கள் எல்லோரும் உரக்கப் பேசுகிற இடத்தில் அவன் மிகவும் மெதுவாகப் பேசுவான். நாம் குனிந்து கேட்க வேண்டும். மரியாதையான மனுஷன் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

சேர்ந்து இரண்டு மாதம் கோமு ஒரு சொல் பேசவில்லை. கேக்குத அம்மா தினமும் அவளுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். ஒருநாள் கோமு பொம்மைக் குடும்பத்தை வரிசையாக வைத்தாள். அம்மாப் பொம்மையைக் கையில் எடுத்துத் தன் வாயைப் பெரிதாகத் திறந்து காட்டினாள். சத்தம் எழுப்பவில்லை. பிறகு சொன்னாள்:

"தறி ஓடுனா அம்மா வாயத் தொறப்பா. சத்தம் வராது."

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. அன்று மத்தியானம் என்னிடம் அந்த வாக்கியத்தை இரண்டு தடவை படித்துக் காட்டினார். "ஓடுனா. பாத்தீங்களா டீச்சர், இது நடந்தா அது நடக்கும்னு சொல்றா. இந்த வயசுக்கு இது பெரிய வாக்கியம். அதைவிட, என்ன சொல்றா பாருங்க. அம்மா பேசுறது கண்ணுக்குத் தெரியுது, காதுல விழலை. நான் ஒன்றரை வருஷமா நிரூபிக்கப் பாக்குறதை ஒரு பிள்ளை ஒரே வரியில சொல்லிருச்சு."

எனக்கு அந்தப் பிள்ளை வாயைத் திறந்த விதம்தான் கண்ணில் நின்றது. பேசுகிறவர்கள் அப்படித் திறப்பதில்லை.

"அம்மா, அவ பேசுததுக்கா வாயத் தொறக்கா?" என்றேன்.

"வேற எதுக்கு?"

"ஒரு எட்டு வீட்டுக்குப் போய் வடிவப் பாத்துட்டு வரட்டுமா?"

அவர் நோட்டை மூடினார். "போய் என்ன கேப்பீங்க? உங்க பிள்ளை இப்படிச் சொல்லுச்சுன்னா? நான் சத்தியம் பண்ணியிருக்கேன். அது தெரிஞ்சா நாளைக்கே முப்பது பிள்ளையும் நின்னுரும். கோமுவும் நின்னுருவா. அப்புறம் அவ பேசுறதைக் கேக்க ஆளே இருக்காது."

நான் போகவில்லை. அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அதோடு, முன்பு வாயைத் திறந்து நான் செய்ததும் நினைவில் இருந்தது.

ஆடித்தபசுத் திருவிழா வந்தது. மூன்று நாள் தறிகள் நின்றன. ஊர் முழுக்கக் கூட்டம். எங்கள் தெருவில் மட்டும் காதை அடைக்கிற அமைதி. விடுமுறை முடிந்து பால்வாடி திறந்த அன்று காலை, தறிகள் இன்னும் ஓடத் தொடங்கவில்லை, கோமு வாசலிலிருந்தே பேசிக்கொண்டு வந்தாள். சப்பரம் பார்த்தது, பலூன் வாங்கியது, அம்மா தோசை சுட்டது. நிறுத்தவே இல்லை. கேக்குத அம்மா பக்கம் பக்கமாக எழுதினார். "சத்தம் நின்னதும் எப்படி ஊத்தாக் கொட்டுது பாருங்க" என்றார்.

தறிகள் மறுபடி ஓடத் தொடங்கிய நாலாம் நாள் வடிவு பிள்ளையைக் கொண்டுவந்து விட்டபோது அவளுடைய இடது கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. விரல்கள் நீலம் பாரித்து வீங்கியிருந்தன.

"என்னட்டி ஆச்சு?" என்றேன்.

"தறியில மாட்டிக்கிடுச்சு டீச்சர்."

தார் சுற்றுகிறவளின் கை எப்படித் தறியில் மாட்டும் என்று நான் கேட்கவில்லை. அவள் போய்விட்டாள். கோமு தன் இடத்தில் போய் உட்கார்ந்து பொம்மைகளை எடுத்தாள். யாரும் கேட்காமலே, அம்மாப் பொம்மையிடம், சமாதானம் சொல்வது போலச் சொன்னாள்:

"தறி நின்னா அப்பா அடிக்க மாட்டாக. ஓடுனாத்தான்."

கேக்குத அம்மாவின் பேனா தாளைத் தொட்டு, அங்கேயே நின்றுவிட்டது. அவர் எழுதாத ஒரு வாக்கியத்தை நான் முதன்முதலாகப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பழைய நோட்டைத் தேடி எடுத்தார். அந்தப் பழைய வாக்கியம் இருந்த பக்கத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டார். பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வடிவு கத்தினதை அந்தக் குழந்தை பாத்திருக்கு" என்றார். "நான் அதை என் ஆராய்ச்சின்னு நெனச்சுட்டேன்."

அதற்குப் பிறகு அவர் தயங்கவில்லை. புருஷன் பெண்டாட்டி விவகாரம் என்றால் போலீஸ் ஸ்டேஷனில் அந்தக் காலத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தெருப் பெரியவர்கள் ஞாயிற்றுக்கிழமை மடத்தில் கூடுவார்கள், அங்கே போனார். எழுந்து நின்று, "நான் கொடுத்த சத்தியத்தை இன்னைக்கு நானே மீறுறேன்" என்று ஆரம்பித்தார். சொல்லி முடித்ததும் டேப்பைப் போட்டுக் காட்டினார். தறிச் சத்தம் மடம் முழுக்க இரைந்தது. அதற்குள் நூலிழை மாதிரி ஒரு பிள்ளைக் குரல். என்ன சொல்கிறது என்று எங்களுக்குத் தெரியும். அவர்களுக்கு விளங்கவில்லை.

வடிவைக் கேட்டார்கள். "தறியில மாட்டுச்சு" என்றாள், தரையைப் பார்த்து.

பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்டார்கள். "தறி ஓடுத நேரம் எங்க சுவத்துல இடி விழுந்தாலும் எனக்குக் கேக்காது" என்றாள்.

கோமுவின் அப்பா கைகட்டி நின்றான். அவன் சொன்னதைக் கேட்கப் பெரியவர்கள் குனிந்தார்கள். "எம்பிள்ளை அப்படிச் சொல்லுதான்னா இங்கன வச்சுச் சொல்லட்டும். நான் தள்ளி நிக்கேன்."

கோமுவை மடத்தின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சுற்றி இருபது ஆண்கள். கேக்குத அம்மா அவளுக்கு முன்னால் மண்டியிட்டார்.

"கோமு. தறி ஓடினா அப்பா என்ன செய்வாங்க?"

கோமு அவருடைய வாயைப் பார்த்தாள். அவர் காத்திருந்தார். எனக்கு அந்தக் காத்திருப்பு பழக்கம். மடத்தில் இருந்தவர்களுக்குப் பழக்கமில்லை. யாரோ செருமினார்கள். யாரோ, "நேரமாகுது" என்றார்கள். பிள்ளையின் கண் அப்பா நின்ற பக்கம் போய் வந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் பிள்ளை சொல்லியிருக்குமோ, சொல்லியிருக்காதோ. அவரால் பொறுக்க முடியவில்லை.

"அடிப்பாங்க, இல்லையா?" என்றார்.

"இல்லையா" என்றாள் கோமு. அவருடைய மெட்ராஸ் ராகத்திலேயே.

நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். மூத்த பெரியவர் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "அம்மா, நீங்க சொல்லிக் குடுக்குததத்தான் பிள்ளை திருப்பிச் சொல்லுது. படிச்சவக நீங்க. பிள்ளையளுக்குப் பாடம் சொல்லிக் குடுங்க. குடும்பத்துக்குள்ள வராதீங்க."

மறுநாள் காலை கோமுவை அவளுடைய அப்பாவே கையைப் பிடித்துக் கூட்டிவந்தான். உள்ளே விட்டுவிட்டு வாசல்படியில் உட்கார்ந்துகொண்டான்.

"தறிக்கு ஆள் போட்டிருக்கேன் டீச்சர். நான் இங்கனயே இருக்கேன். எம்பிள்ளை என்ன பேசுதான்னு நானும் கேக்கணும்லா."

தினமும் வந்தான். ஒன்பதரை முதல் பன்னிரண்டு வரை, சுவரில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தூங்குகிறான் என்று நினைப்போம். உள்ளே ஒரு பிள்ளை கோமு என்று கூப்பிட்டால் கண் திறக்கும். கோமு பழையபடி ஊமையாகிவிட்டாள். மற்றப் பிள்ளைகளுக்கும் என்ன புரிந்ததோ, முப்பது பேரும் ரகசியம் பேசத் தொடங்கினார்கள். பொம்மைகளை யாரும் தொடுவதில்லை. பேச்சு எப்படி வளர்கிறது என்று பார்க்க வந்தவரின் கண் முன்னால் அது வற்றிக்கொண்டே போனது. அவருடைய நோட்டில் தேதி மட்டும் இருக்கும். கீழே வெறும் கோடுகள். ஒருநாள் உப்புமாத் தட்டை நான் கீழே போட்டுவிட்டேன். கூடத்தில் ஒரு பிள்ளைகூட அழவில்லை. எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள்.

வடிவை வெள்ளிக்கிழமை கோவிலுக்கு மட்டும் அனுப்புவான். அவர் என்னைப் போகச் சொன்னார். புற்றுமண் கொடுக்கிற இடத்தில் கூட்டத்தோடு கூட்டமாக அவள் பக்கத்தில் நின்றேன். அவள் திரும்பாமலே பேசினாள். வலது கன்னத்தில் புதிதாக ஒரு வீக்கம்.

"அக்கா வீடு இருக்கு டீச்சர். அவுக குடி மாறிப் போன ஊரு இவருக்குத் தெரியாது. அங்கன போய்ச் சேந்துட்டா அத்தான் எங்கள விட்டுக் குடுக்க மாட்டாக. ஆனா பிள்ளை இல்லாம நான் போக மாட்டேன்."

"அவரு படியில இருக்கும்போது நீ வீட்டுல இருந்து கிளம்பிரு. பிள்ளையப் பின்வாசல் வழியா ஆயா தூக்கிட்டு வருவா."

"பிள்ளை உள்ள இல்லன்னு தெரிஞ்சா பத்து நிமிஷத்துல பஸ் ஸ்டாண்டுக்கு வந்துருவாரு."

இதை வந்து அவரிடம் சொன்னேன். அவர் அலமாரியையும் வாசல்படியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "உள்ள இல்லைன்னு எதை வச்சுத் தெரியும்? அவதான் பேசுறதில்லையே" என்றார்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து கேக்குத அம்மா பேசத் தொடங்கினார். கோமுவைப் படியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், அலமாரிக்குப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, தெளிவாக, வெளியே கேட்கும்படி பேசினார். "கோமு, இந்தப் பொம்மைக்குப் பேரு என்ன?" பதில் வராது. கொஞ்சம் விட்டு, "சரி, நாளைக்குச் சொல்லு. இந்தக் கட்டையை அது மேல வை." முதல் நாள் அவன் எழுந்து வந்து எட்டிப் பார்த்தான். இரண்டாம் நாளும் பார்த்தான். மூன்றாம் நாள் கண்ணைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்கு முத்துப்பேச்சி கோமுவை இடுப்பில் தூக்கி, முந்தானையால் மூடி, சாய்ப்பு வழியாகச் சந்தில் இறங்கினாள். பிள்ளை ஒரு சத்தம் போடவில்லை. நான் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன்.

அவர் அலமாரிக்குப் பின்னால், காலி இடத்துக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"கோமு, இன்னைக்கு என்ன சாப்பிட்டே?"

இடைவெளி.

"இட்லியா? எத்தனை?"

இடைவெளி. இரண்டு வருஷமாக அவர் ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுத்த அதே அளவு நேரம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த நேரங்களில் வெளியே படியில் அவன் முதுகு சுவரில் உரசுவதுகூட, தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்பது போலிருந்தது. பிள்ளைகள் எல்லாம் அந்தக் காலி இடத்தைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள். மாரி எழுந்தான். இப்போது அவன் நன்றாகப் பேசுகிற பையன். அலமாரிப் பக்கம் விரலை நீட்டினான். "கோமு..." என்று ஆரம்பித்தான்.

"மாரி, தண்ணி வேணுமா?" என்றார் அவர். ஒரு பிள்ளையின் பேச்சை அவர் குறுக்கே வெட்டி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். மாரி அவரையே பார்த்தான். பிறகு, "ம்" என்றான். நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தேன்.

பஸ் பத்தரைக்கு. அது கிளம்பியிருக்கும் என்று தெரிந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. பதினொன்று. பதினொன்றரை. குரல் கம்மிவிட்டது. "கோமு, இது என்ன நிறம்? கோமு, இங்க பாரு." காற்றிலிருந்து பதில் வரும் என்பது போல ஒவ்வொரு கேள்விக்கும் அப்படிக் காத்திருந்தார். ஒரு கட்டத்தில் எனக்கே அங்கே பிள்ளை இருப்பதாகத் தோன்றிவிட்டது.

பன்னிரண்டு மணிக்கு அவன் எழுந்து வேட்டியைத் தட்டினான். "கோமு, வா. போவோம்."

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். கால் மரத்துப்போய், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"கோமு போயிட்டா."

அவன் புரியாமல் பார்த்தான். "எப்போ?"

"பத்து மணிக்கு. அவ அம்மாவோட."

அவன் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு, வழக்கம்போல மிக மெதுவாகக் கேட்டான். "அப்போ இம்புட்டு நேரம் யாருகிட்டப் பேசுனீய?"

"உங்ககிட்டதான்" என்றார்.

அவன் உள்ளே வந்தான். அலமாரிக்குப் பின்னால் பார்த்தான். சாய்ப்புக்குள் போய்ப் பார்த்தான். பானை மூடியைக்கூடத் தூக்கிப் பார்த்தான். பிள்ளைகள் அவனுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரையும் அவன் தொடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, நடந்தே போனான்.

மூன்று மணிக்கு அவனும் அவன் தம்பிகள் இரண்டு பேரும் வந்தார்கள். நோட்டுகள் அத்தனையும், டேப்புகள் அத்தனையும் தெருவில் கொண்டுபோய்ப் போட்டு எரித்தார்கள். தெரு முழுக்க வாசலில் நின்றது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் கிட்டே போனபோது அவன்தான் சொன்னான்: "தள்ளி நில்லுங்க டீச்சர். தீப்பொறி படும்." அவர் கூடத்தின் ஜன்னல்களைச் சாத்திவிட்டு உள்ளேயே இருந்தார்.

ஒரு வாரத்தில் அவர் ஊரைவிட்டுப் போய்விட்டார். அந்த ஆராய்ச்சி எங்கேயும் வெளிவரவில்லை. எழுதுவதற்குக் கையில் ஒன்றும் இல்லை. பிறகு அவர் பிள்ளைகள் பக்கமே போகவில்லை என்று ஒருவர் சொன்னார். வேறு ஊரில் வேறு பால்வாடியில் பார்த்ததாக இன்னொருவர் சொன்னார். ஆறு மாதம் கழித்து எனக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. கையெழுத்து இல்லை. "பிள்ளை பேச ஆரம்பிச்சுட்டா" என்று மட்டும் எழுதியிருந்தது. அதை உறைக்குள் வைத்து அவருடைய மெட்ராஸ் விலாசத்துக்கு அனுப்பினேன். பதில் இல்லை.

எரித்த அன்று சாயங்காலம் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நானும் கேக்குத அம்மாவும் கூடத்தைப் பூட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். மடத்தில் சாட்சி சொன்னவள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"கேக்கும், அம்மா" என்றாள். "தறி ஓடுனாலும் கேக்கும். எங்க வீட்டுக்குக் கேக்கும், எதுத்த வீட்டுக்குக் கேக்கும். அவளுக்குக் கலியாணமான மறுமாசத்துல இருந்தே கேக்கும்."

அவர் ஒன்றும் சொல்லாமல் அவளுடைய முகத்தைப் பார்த்தார். அந்த இடைவெளியில் அவள் அழத் தொடங்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவ எங்கன போயிருக்கா? அக்கா வீட்டுக்கா? அது எந்த ஊரு?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாது" என்றார்.

அவள் போனதும் சாவியை என் கையில் கொடுத்து, "நாளைக்கு யார் வந்து கேட்டாலும், அழுதுக்கிட்டே கேட்டாலும், இதையே சொல்லுங்க" என்றார்.

அந்தப் பெண் மனசு தாங்காமல் தானாக வந்தாளா, அவன் அனுப்பி வந்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவன் இப்போதும் அதே தெருவில்தான் இருக்கிறான். வடிவின் அக்கா வீடு எந்த ஊரில் இருக்கிறது என்பதை இங்கேயும் நான் எழுதவில்லை.